குறுக்கே நிற்பவர்

என் அக்கா அஞ்சலாட்சியின் புருஷன் கலியமூர்த்தியைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கிளார்க். கதிர்காமத்தில் மாடி போட்ட வீடு, ஒரே மகள் சுமலதா. அவ்வளவுதான் மனிதர். ஆனால் அவரைக் கேட்டால் புதுச்சேரியே தன் மேசை வழியாகத்தான் நடக்கிறது என்பார்.

எங்கள் தெருவில் முதன்முதலில் கம்ப்யூட்டர் வாங்கியவர் மாமாதான். ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் சுற்றினார். மற்ற நாளெல்லாம் உறை போட்டு மூடி வைத்திருப்பார். சுமலதா கம்ப்யூட்டர் சென்டரில் முறையாகப் படித்தவள். அவள் மௌஸ் பக்கம் கையைக் கொண்டு போனாலே, "வைரஸ் வந்துடும், தள்ளு" என்பார். அறையைப் பெருக்கக்கூட அக்கா அவர் ஆபீசிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவு காபந்து பண்ணி அதில் என்ன செய்தார் என்கிறீர்களா? சீட்டு விளையாடினார்.

பிறகு சுமலதாவுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை அமைந்தது. சம்பந்தி சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். பையனுக்குப் பாரீஸ் பக்கத்தில் வேலை. நிச்சயமான மறுநாள் காலையில் மாமா பால்காரரைப் பார்த்து "போன்ழூர்" என்றார். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

2005-ல் கல்யாணம். போட்டோக்காரர் ஆல்பத்துக்கு மாதிரி காட்டியபோது மாமா சிரித்தார். "வீட்ல கம்ப்யூட்டர் இருக்கறப்ப ஆல்பம் எதுக்கு? சி.டி.யில குடு, போதும்." சம்பந்தி வீட்டார் கேட்டதற்கும், "எப்ப வேணா வந்து எங்க வீட்ல பாத்துக்கலாம்" என்று பதில். மண்டபத்தில் வேறு யாரும் கேமராவைத் தூக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். சொந்தக்காரர்கள் முறைத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

சி.டி.க்கள் கம்ப்யூட்டரில் ஏறியதும் அவற்றை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், அக்கா காயவைத்த வடகத்துக்கு மேலே காக்காய் விரட்டக் கட்டித் தொங்கவிட்டார். வெயிலில் அவை வெடித்து உரிந்தன. காக்காய்கள் மட்டும் அவருக்குப் பயந்தன.

மாப்பிள்ளை வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார். சுமலதா விசாவுக்குக் காத்திருந்தாள். காகித வேலை இழுத்துக்கொண்டே போனது. புருஷன் எப்போது கூட்டிக்கொள்வான் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே அவள் இளைத்துவிட்டாள்.

மகள் எப்படியும் போய்விடுவாள், அவளோடு முகம் பார்த்துப் பேசலாம் என்று 2007-ல் மாமா புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துப் போவதற்கு முன், பழையதில் இருந்ததையெல்லாம் புதிதுக்கு மாற்றித் தருகிறேன் என்று சுமலதா எவ்வளவோ சொன்னாள். மாமா கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தானே செய்தார். வெளியே வந்தபோது கையில் பென் டிரைவ் இருந்தது.

"கல்யாண போட்டோ மொத்தமும் கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஏறிடுச்சு. இதுக்குப் போயி சென்டர்ல படிக்கணுமா?"

பத்து நாள் கழித்துத் தூதரகத்தில் இருந்து அழைப்பு வந்தது. மறு வாரம் நேரில் வர வேண்டும், கல்யாணத்தில் இருவரும் ஜோடியாக இருக்கும் போட்டோக்கள் கொண்டுவர வேண்டும். அக்கா சாமி படத்துக்குச் சூடம் ஏற்றினாள். மாமா புதுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, "மாலையும் கழுத்தும்" என்று பெயர் போட்டிருந்த சின்னப் படத்தைத் தட்டினார்.

திரையில் ஒரு டார்ச் லைட் வந்து இப்படியும் அப்படியும் ஆடித் தேடியது. பிறகு ஒன்றுமில்லை என்றது. மாமா மறுபடி தட்டினார். மறுபடியும் டார்ச் லைட்.

"புது கம்ப்யூட்டரே சரியில்ல. ஏமாத்திட்டானுங்க" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

சுமலதா அவர் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். அவள் அப்பாவைத் தொட்டு நகர்த்தியது அதுதான் முதல் தடவை. பென் டிரைவையும் செருகிப் பார்த்தாள்.

"இது வெறும் ஷார்ட்கட்டுப்பா. போட்டோ ஒண்ணுகூட வரல. எல்லாம் பழைய ஹார்டு டிஸ்க்லயே போயிடுச்சு."

எனக்கு முதலில் புரியவில்லை, அவள்தான் விளக்கினாள். நோணாங்குப்பத்தில் பாரடைஸ் பீச்சுக்கு வழி காட்டும் பலகையைப் பிடுங்கிக்கொண்டு வந்து வீட்டில் நட்டால் கடல் வருமா? மாமா பிடுங்கி வந்தது பலகையை மட்டும்.

ஸ்டுடியோவில் வருஷம் தாண்டியதை அழித்துவிட்டார்கள். மாடியில் தொங்கிய சி.டி.யை எடுத்துப் போட்டுப் பார்த்தோம், கம்ப்யூட்டர் கரகரவென்று இரைந்து துப்பிவிட்டது. அக்கா அழுதாள். "அழுவாத, நான் நேர்ல போயி பேசினா கேப்பாங்க" என்றார் மாமா. ரேஷன் கடையில்கூட அவர் பேச்சு எடுபட்டு நான் பார்த்ததில்லை.

எக்ஸ்சேஞ்ச் எடுத்த கடைக்கு சுமலதாவும் நானும் ஓடினோம். மாமாவும் பின்னாலேயே வந்தார். அந்தக் கம்ப்யூட்டர் வைத்திக்குப்பத்தில் பக்கிரி என்பவர் வீட்டுக்கு விற்றாகிவிட்டது என்றார்கள்.

"குப்பத்துக்கா? என் கம்ப்யூட்டரா?" என்றார் மாமா. கடற்கரைப் பக்கம் போனால் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்ளும் ஆள் அவர். வீட்டுக்கு வந்து வஞ்சிரம் வறுவலை முள்ளோடு சப்புவார், அது வேறு.

பக்கிரி கடலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி சின்னப்பாப்பா மீன் விற்றுவிட்டு வந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நாங்கள் வாய் திறக்கும் முன் உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

"யம்மா, குறுக்க நிக்கறவரு வந்துருக்காரு!"

சின்னப்பாப்பா நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார், சுமலதாவைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "வாம்மா கண்ணாலப் பொண்ணே. தெனமும் உன்னத்தான பாக்கறோம்."

உள்ளே அந்தப் பழைய கம்ப்யூட்டர் இருந்தது. யாரும் எதையும் அழிக்கவில்லை. கல்யாண போட்டோக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓடிக்கொண்டிருந்தன, வீட்டுக்கு அழகாக இருக்கிறதென்று அப்படியே விட்டிருந்தார்கள். நான் அன்றைக்குத்தான் அவற்றை முழுசாகப் பார்த்தேன். தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளையின் கை தெரிகிறது, தாலி தெரிகிறது, சுமலதாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மாமாவின் தலை. மாலை மாற்றும்போது நடுவில் மாமா. அக்னி சுற்றும்போது கூடவே மாமா. எந்தப் படத்தை எடுத்தாலும் மனிதர் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அந்த வீட்டில் யாருக்கும் அவர் பேர் தெரியாது. ஆனால் அவரை அவர்கள் அளவுக்கு நாங்கள் யாரும் புரிந்துகொண்டதில்லை.

சுமலதா விஷயத்தைச் சொன்னாள். "ஹார்டு டிஸ்க்க மட்டும் கழட்டிட்டுப் போயி, காப்பி பண்ணிட்டு நாளைக்கே மாட்டிக் குடுத்துடறேங்க்கா."

"புருஷங்கிட்டப் போவறதுக்குக் கேக்கற, மாட்டேன்னா சொல்லுவேன்? எடுத்துக்கினு போ" என்றார் சின்னப்பாப்பா. பிறகு மாமா பக்கம் தலையாட்டி, "அவரு கையில மட்டும் குடுத்துடாத" என்றார்.

ஆட்டோவில் சுமலதா அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "குடும்மா, நான் வெச்சுக்கறேன்" என்று மாமா கை நீட்டினார். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் புதுக் கம்ப்யூட்டரின் பெட்டியைத் திறக்க ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். "சீலு கிழிஞ்சா கேரண்டி போயிடும்" என்றார் மாமா. சீலைக் கிழித்தாள். பழைய டிஸ்க்கை உள்ளே ஒயரில் மாட்டி, படங்களை ஏற்றினாள். டிஸ்க் உறுமிக்கொண்டே கொடுத்தது. அக்கா கும்பிட்டபடி நின்றாள்.

ஏறி முடிந்ததும் சுமலதா வேலையை ஆரம்பித்தாள். மாமா நடுவில் நின்ற படங்களால் பிரயோஜனமில்லை, அவற்றைத் தூக்கி எறிந்தாள். ஓரத்தில் நின்றவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, கோடு போட்டு, அப்பாவை வெட்டினாள். ஒன்றில் அவர் மாப்பிள்ளையின் தோளில் போட்டிருந்த கை மட்டும் மோதிரத்தோடு மிச்சமாக நின்றது. மாமா நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுலயாச்சும் என்ன வெச்சுக்கம்மா."

"ஜோடியாதாம்பா கேட்டிருக்காங்க."

ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர், பழையதை அழித்துவிட்டு இதை வைக்கட்டுமா என்று கேட்டது. ஒவ்வொரு தடவையும் அவள் சரி என்று அழுத்தினாள். தெரியாமல் அழுத்தவில்லை, சென்டரில் படித்தவள். எனக்கு மனசு குளிர்ந்தது, அதை மறைக்க மாட்டேன்.

மறுநாளே டிஸ்க்கை வைத்திக்குப்பத்தில் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தாள். தூதரகத்தில் அந்த மோதிரக் கையைக் காட்டி இது யாருடையது என்று கேட்டார்களாம். எங்கள் அப்பாவுடையது என்றாளாம். விசா கிடைத்தது. சுமலதா போய்ச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டரில் முகம் காட்டி அக்காவோடு பேசுகிறாள். மாமா வந்தால், "நல்லாருக்கீங்களாப்பா" என்று கேட்டுவிட்டு மறுபடி அம்மாவைக் கூப்பிடுகிறாள்.

அந்தக் கல்யாணத்தில் மாமா இருந்ததற்கு இப்போது வீட்டில் ஒரு படமும் கிடையாது. டிஸ்க்கை இன்னொரு தரம் தரச் சொல்லிச் சின்னப்பாப்பாவிடம் போய்க் கேட்டிருக்கிறார். ஒரு தரம் கழட்டியதே போதும் என்று அவர் சொல்லிவிட்டார்.

போன மாதம் மீன் வாங்க நான் அந்தப் பக்கம் போயிருந்தேன். சின்னப்பாப்பா வீட்டு வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். கையில் மீன் பை, மூக்கில் கைக்குட்டை இல்லை. உள்ளே படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார் போலும்.

"நேத்திக்கிதான பாத்துட்டுப் போனீங்க" என்றது உள்ளேயிருந்து சின்னப்பாப்பாவின் குரல். "வாசல்ல குறுக்க நிக்காதீங்க, வெளிச்சம் மறைக்குது. புள்ள படிக்குது பாருங்க."

மாமா தள்ளி நின்றார்.