தோள் விரிந்த தோட்டா

பெற்றவர்கள் போன பிறகு தங்கை செல்லத்தாயைத் தூக்கி வளர்த்தவன் பால்ச்சாமி. அவளைத் தேவதானத்துச் சின்னத்துரைக்குக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தனக்கென்று ஒரு வாழ்க்கையை யோசித்தான். அதற்குள் வயது ஓடிவிட்டது. மிஞ்சியது இராஜபாளையத்தில் ஒரு துப்பாக்கி ரிப்பேர் கடையும் அந்தத் தங்கையும்தான்.

அவள் அன்று காலை கடையின் பின்கட்டில் அவன் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"அண்ணே, ஒன் மச்சான் வேணும்னு செய்யல. பன்னின்னு நெனச்சுச் சுட்டுட்டாவ. கிட்டப் போய்ப் பாத்தா வைகுண்டராஜ் அண்ணாச்சி..."

மாந்தோப்புக் குத்தகைக்காரர் வைகுண்டராஜ் குண்டடிபட்டுச் செத்தது ஊரறிந்த சங்கதி. அவரோடு வரப்புத் தகராறு செய்த பாண்டியை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நிறுத்தி உள்ளே தள்ளியிருந்தார்கள். பாண்டியிடமும் லைசென்ஸ் ரைபிள் உண்டு.

"பாண்டி பொண்டாட்டி கைப்பிள்ளைக்காரி, ஏட்டி!"

"எனக்கும் கல்யாணத்துக்கு ஒரு மக நிக்காளே!"

சின்னத்துரையை யாரும் சந்தேகிக்கவில்லை. அவனுடைய ரைபிள், காலமான ஒரு மில் முதலாளி போட்டிகளில் சுடுவதற்காகத் தோட்டா அறையைக் கடைந்து மாற்றி வைத்திருந்தது. எல்லா ஊரிலும் கிடைக்கும் முந்நூற்றுப் பதினைந்து என்கிற ரகம்தான் அதற்குத் தாய்த் தோட்டா. தாயின் பித்தளைக் கூடு மேலே போகப் போக ஒடுங்கி, தோள் சரிந்து கழுத்தாகும். மாற்றிய தோட்டாவின் கூடோ கடைசிவரை நேராக நின்று, தோள் சட்டென்று மடங்கும். வெடிமருந்து கூடுதலாகப் பிடிக்கும். குண்டு விரைசலாகப் பாயும். எந்தக் கம்பெனியும் அதைச் செய்வதில்லை. சுடுகிறவர்கள் 'வைல்டுகேட்' என்பார்கள். லைசென்ஸ்காரர்களை எல்லாம் விசாரித்தபோது, அந்தத் தோட்டா கைவசமே இல்லை என்று சின்னத்துரை போலீசில் சொன்னது நிஜம்தான். தோப்பில் கிடந்ததும் கம்பெனி முத்திரை போட்ட கூடு.

ஆனால் தாய்த் தோட்டாவும் அந்த ரைபிளில் வெடிக்கும். வெடிக்கிற கணத்தில் பித்தளை உப்பி, அறையின் உருவத்தையே எடுத்துக்கொள்ளும். தாயாக உள்ளே போனது பிள்ளையாக வெளியே விழும். சின்னத்துரை முத்திரையைப் பார்த்தானே ஒழிய தோளைப் பார்க்கவில்லை. எவனிடமும் இருக்கிற சாமான்தானே என்று கூட்டைப் பொறுக்கி எடுக்காமல் வந்துவிட்டான்.

வாசலில் ஜீப் நின்றது. செல்லத்தாய் கதவுக்குப் பின்னால் ஒடுங்கினாள். எஸ்.ஐ. ஜாஸ்மின் உள்ளே வந்து இரண்டு கூடுகளை மேசைமேல் வைத்தார்.

"அண்ணாச்சி, இது பாண்டி ரைபிள்ல சுட்டுப் பாத்தது. இது தோப்புல கெடந்தது. ரெண்டுலயும் ஒரே முத்திரைதான். ஆனா தோப்புக் கூடு அவன் ரைபிளுக்குள்ள போகவே மாட்டேங்குது. யாராவது மிதிச்சு நசுங்கியிருக்குமோ?"

பால்ச்சாமி கூட்டைக் கையில் எடுத்தான். ஒரு 'ஆமாம்' போதும். தங்கையின் தாலி பிழைக்கும். பாண்டி கம்பிக்குள்ளேயே கிடப்பான்.

"என்ன அண்ணாச்சி, நசுங்குனதுதானே?"

கதவுக்குப் பின்னால் ஒரு விம்மல் கேட்டது. அவன் கண்களில் நீர் முட்டியது.

"நசுங்கல மேடம். நசுங்குனா வளையும். இது சுத்திவர ஒரே சீரா உப்பியிருக்கு. பாண்டி ரைபிள் இப்படித் துப்பாது. இந்தத் தோளை விரிக்கிற ரைபிள் இந்தப் பக்கத்துல ஒண்ணுதான்... என் மச்சான் வீட்ல இருக்கு."

கதவு படீரென்று திறந்தது. செல்லத்தாய் அழவில்லை. அழுதிருந்தால்கூட அவனால் தாங்கியிருக்க முடியும்.

"என் மகளுக்குத் தாய்மாமன் இல்லைன்னு சொல்லிக்கிடுதேன். நீ நல்லா இரு."

சாயங்காலத்துக்குள் சின்னத்துரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். சில நாளில் பாண்டி வெளியே வந்தான். அவன் மனைவி கைக்குழந்தையோடு வந்து கும்பிட்டபோது பால்ச்சாமியால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆவணியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்லத்தாயின் மகளுக்குக் கல்யாணம். மாமன் எடுத்துக் கொடுக்க வேண்டிய மாலையை யாரோ தூரத்துச் சொந்தக்காரன் எடுத்துக் கொடுத்தான். மண்டபத்துக்கு எதிரே பால்கோவாக் கடை நிழலில் ஒதுங்கி, வாசல் வழியாகத் தெரிந்த அளவுக்குப் பார்த்துக்கொண்டிருந்தான் பால்ச்சாமி.

"அண்ணாச்சி பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"வழியில போறவன்."

சொல்லிவிட்டானே தவிர, கெட்டிமேளம் அடங்கும் வரை அந்த இடத்தை விட்டு அவன் கால் நகரவில்லை.