முரியலும் ஆப்பிரிக்க வண்டும்

ஆப்பிரிக்கா என்ற பெயரைக் கேட்டாலே முரியலுக்குப் பற்றிக்கொண்டு வரும். மலேசியாவில், கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றில் எண்ணெய் தரும் செம்பனைப் பூக்களுக்கு மகரந்தப் பொடி ஊதிப் பிழைத்தவள் அவள். எண்பத்திரண்டில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு வண்டைத் தோட்டத்தில் விட்டார்கள். அரிசி அளவுகூட இல்லாத அந்தச் சனியன் பூவுக்குப் பூ பொடியைச் சுமந்து, அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டது. இனி வேலை இல்லையென்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி காப்ரியல் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அந்த வருடமே மாதா கோயில் மண்டபத்தில் அமலதாஸ் வாத்தியார் ஆப்பிரிக்க வரைபடத்தை மாட்டிப் பேசினார். பாலைவனம், நீள நதி, நூற்றுக்கணக்கான மொழிகள் என்று அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில், "அந்தச் சனங்கள வெள்ளக்காரன் கப்பல்ல ஏத்திட்டுப் போயி, கூலியில்லாம தோட்டத்துல வேல வாங்கினான்" என்றார்.

முரியல் விருட்டென்று எழுந்தாள்.

"இப்ப மட்டும் என்னா சார்? அன்னிக்கு அந்த ஊரு ஆளு, இன்னிக்கு அந்த ஊரு வண்டு. தொரைக்குக் கூலி கேக்காததுதான் வேணும்லா!"

முன்வரிசையிலிருந்த காப்ரியல் திரும்பி முறைத்தார். "முரியல், உக்காரு!"

"உக்காந்துதானய்யா இருக்கேன். என் வேலையத்தான் வண்டு பாக்குதே!"