மஜீது நானாவின் துப்பாக்கியில் நான் விட்ட எண்ணெய்

விசாரணை நாளன்று நான் சொல்லாமல் விட்டது மூன்று சொற்கள்: எண்ணெய் விட்டது நான்தான். தட்டச்சுப் பொறியின் முன்னால் அமர்ந்து, களஞ்சியக் காப்பாளர் மஜீது நானா சொன்னதை அப்படியே அடித்துக்கொண்டிருந்தேன். சென்ற திங்கட்கிழமை அவருடைய மருமகன் கிண்ணியாவிலிருந்து வந்து, "மாமா மௌத்தாயிட்டார்" என்று சாவுச் செய்தி சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, நிம்மதி. அந்த மூன்று சொற்களையும் அவரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தேன். துறைமுகக் கந்தோரில் அவரோடு வேலை செய்தவர்கள் அறியவே இதை எழுதுகிறேன்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது ஓர் அதிகாரி அவருக்குக் கொடுத்துச் சென்றது அந்தக் காற்றுக் கைத்துப்பாக்கி. குழலை மடித்தால் உள்ளே சுருள்வில் இறுகும். விசையை இழுத்தால் வில் விரிந்து காற்றைத் தள்ளும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது சுடாது. சாப்பாட்டு இடைவேளைகளில் அவர் துருவைத் தேய்த்தார், புது வில் போட்டார், காற்றை அடைக்கும் தோல் வட்டத்தைத் தன் பழைய காலணியின் நாக்கிலிருந்து வெட்டினார்.

"மற்றச் சப்பாத்து?" என்று கேட்டேன்.

"அது இருக்கட்டும் தங்கச்சி. இந்தத் தோலும் ஒரு நாள் தேயும்."

கந்தோர் விளையாட்டு விழாவில் பலூன் சுடும் கடை போடுவதென்று தீர்மானமாயிற்று. விழாவுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டவர், "துடைச்சு அலுமாரிக்குள்ள வைங்க, போதும்" என்றார். எங்கள் வீட்டுச் சைக்கிள் பம்பின் தோல் காய்ந்தால் அண்ணன் எண்ணெய் ஊற்றி ஊற வைப்பார். இதற்கும் நல்லதென்று நினைத்து, தையல் மெசின் எண்ணெயைக் காற்றுத் துளைக்குள் தாராளமாக விட்டேன்.

மறுநாள் முதலில் சுடும் மரியாதை எங்கள் மேலதிகாரியின் மனைவிக்கு. நெருக்கப்பட்ட காற்றின் சூட்டில் உள்ளே எண்ணெய் பற்றிக்கொண்டது. வெடிச்சத்தம், புகை. அம்மையார் பயத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டார். பலூனுக்கு ஒன்றுமில்லை. ஆனால் பாறை உடைக்கும் வெடிமருந்து அறையின் சாவி மஜீது நானாவிடம் இருந்தது. அந்த மருந்தைத் திருடி அடைத்திருக்கிறார் என்று கதை பரவியது. உண்மையென்று பட்டால் வேலை போய்விடும்.

"மருந்தைத் தராசில போட்டுப் பாருங்க சேர். எண்ணெய் கூடிப்போச்சு. என்ட கைப்பிழை" என்று விசாரணையில் சொன்னார். போட்டுப் பார்த்தார்கள், குறையவில்லை. கண்டிப்புக் கடிதத்தோடு விட்டார்கள்.

அவர் ஓய்வுபெற்ற நாளில்தான் சொன்னேன்.

"நாலு வருசமாத் தெரியும். நான் ஒரு துளிதான் விடுவன். மிச்சத்தை ஜின் பேயா விட்டது?"

"பிறகேன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"உங்கட நியமனம் அப்ப உறுதியாகல்ல. எனக்கு இருபது வருசம். என்னைத் தூக்கிறதெண்டா அந்த இரும்பு அலுமாரியையும் சேர்த்துத்தான் தூக்கணும்."

உண்மையை எழுதிக் கொடுக்கிறேன் என்றேன்.

"நான் உயிரோட இருக்கும்வரைக்கும் வேணாம். இந்த வயசில ஆர் இன்னொரு விசாரணைக்கு வாறது?"

தெரிந்திருந்தும் அந்த நான்கு வருடத்தில் ஒரு நாளும் அவர் என்னிடம் முகம் மாறியதில்லை. அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்வது அதைத்தான்.

மௌத்துச் செய்தி வந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, உண்மையை எழுதிக் கந்தோரில் கொடுத்தேன். வியாழக்கிழமை அவருடைய கோப்பிலிருந்து கண்டிப்புக் கடிதம் எடுக்கப்பட்டது. என்னிடம் ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை.