செவ்விளநீர் ஒரு டம்ளர்

நான் வாழும் அயர்லாந்தில் மழைக்குப் பஞ்சமே இல்லை. வெளியே அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே நான் காலையில் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைப்பேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவுதான். தேநீர் குடித்தாலும் ரசம் ஊற்றிக்கொண்டாலும் அந்த அளவுக்குப் பாட்டிலிலிருந்து கொட்டிவிட வேண்டும். இதயம் பலவீனம், சிறுநீரகமும் பாதிப் பழுது. இதயத்துக்கு நல்லதென்று சொல்லும் பழங்கள் பலவும் சிறுநீரகத்துக்கு ஆகாது. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண், தேங்காய் சாப்பிடுவீர்களா என்று கேட்டாள். உண்டு என்றேன். "எப்போதாவது, கேக்கிலா?" "இல்லை, எல்லாவற்றிலும்." பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இளநீரும் வாழைப்பழமும் கூடவே கூடாது, அவற்றிலுள்ள பொட்டாசியத்தை உங்கள் சிறுநீரகம் வெளியே தள்ளாது, இதயம் நின்றுவிடலாம் என்றாள்.

அங்கே நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினார். நேரில் வரக்கூட மனசில்லையா என்று எனக்குக் கோபம். லீவில் மார்த்தாண்டத்தில் எஸ்தர் அக்கா வீட்டுக்கு வந்தபிறகுதான் அந்த அட்டையின் அருமை தெரிந்தது. எங்கள் பக்கம் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. மறுநாளே ஏத்தன் வாழைப்பழக் குலைகள் சுவரோரம் வரிசை கட்டின. கொண்டுவந்தவர்களையெல்லாம் சிரித்துச் சமாளித்தேன். அக்காவைச் சமாளிக்க முடியவில்லை. எனக்காக மீன்கறியில் உப்பே போடாமல் சமைத்து, அதையே தானும் தின்கிறவளை என்ன சொல்ல?

அன்று மத்தியானம் நல்ல வெயில். என் பாட்டிலில் அடிமட்டத்தில் கொஞ்சம்தான் மிச்சம். கிணற்றடிச் செந்தென்னையில் யாரையும் தொடவிடாமல் எனக்கென்று காத்துவைத்திருந்த கருக்கை வெட்டி, இளநீரை டம்ளரில் கொண்டுவந்தாள்.

"குடி மக்கா. சூடு தணியும்."

"வேண்டாம்க்கா. டாக்டர் சொல்லியிருக்காரு."

"அங்க உள்ள டாக்டருக்கு நம்ம கருக்கு வெள்ளத்தப் பத்தி என்னல தெரியும்? ஒரு கல்லு உப்பு உண்டா இதுல?"

வாங்கிவிட்டேன். டம்ளர் உதட்டைத் தொட்டது. அந்த மணம் போதும், நாக்கு தவித்தது. ஒரு மடக்கு என்ன செய்துவிடும் என்று மனம் பேரம் பேசியது. டம்ளரைக் கீழே வைத்தேன்.

அக்காவின் முகம் இருண்டது. "அப்போ, நாங்க தாறது இப்போ ஒனக்கு வெஷமாயாச்சு, இல்லியா?"

"ஆமாக்கா," என்றேன். "எனக்கு வெஷம்தான். குடிச்சா நெஞ்சு நின்னுபோவும்."

அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். டம்ளரை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"நீ குடி, அக்கா. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

மாட்டேன் என்று தலையாட்டினாள். பிறகு, நின்றபடியே, கண்ணைத் துடைக்காமல் குடித்தாள். அவள் விழுங்கும்போதெல்லாம் என் வறண்ட தொண்டையும் விழுங்கியது.