புளி காய்க்காத புளியமரம்

எங்கள் மேடவாக்கம் அபார்ட்மென்ட் சுவரோரம் அந்த மரத்தை நட்டது நான்தான். ஆறாம் வகுப்பில், ஏரிக்கரையிலிருந்து பிடுங்கி வந்த ஒரு சாண் கன்று. பொடிப்பொடி இலை; பார்த்ததுமே புளி என்று முடிவு கட்டிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. அப்போதே எனக்கு எல்லாவற்றிலும் அவசரம்.

என்ன வேகம்! இரண்டே வருடத்தில் முதல் மாடியைத் தொட்டுவிட்டது. அதன் நிழலுக்கு இஸ்திரி வண்டி அக்கா வந்து சேர்ந்தார். "இன்னா விஞ்ஞானி, ரசத்துக்குப் புளி எப்போ குடுப்ப?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். புளி வரவில்லை. பவுடர் பஃப் மாதிரி வெள்ளை உருண்டைப் பூ வந்தது. அப்புறம் தட்டைத் தட்டையாய்க் கொத்துக் காய். "புளி இளைச்சுப் பூட்ச்சு போல கீது" என்றார் அக்கா.

மே மாதம் இலை முக்கால்வாசி கொட்டிவிடும். காய்ந்த காய்கள் காற்றில் சலசலக்க, கீழே எங்கள் கிரிக்கெட். சாயங்காலம், மிச்ச இலைகள் ஜோடி ஜோடியாய் மூடிக்கொள்ளும். "இலை மூடிருச்சு, மேல வா!" அம்மா பால்கனியிலிருந்து கூப்பிடுவது அப்படித்தான். எங்களுக்கு அதுதான் கடிகாரம்.

கல்லூரியில் செடிகொடிப் பைத்தியம் பிடித்த பிறகுதான் அந்த இலையைக் கையில் எடுத்து ஒழுங்காகப் பார்த்தேன். புளிக்கு ஒரே ஈர்க்கு, இருபுறமும் இலை. இதற்கு அந்த ஈர்க்கிலிருந்து பக்க ஈர்க்குகள் பிரிந்து, அவற்றில் இலை. சவுண்டல்! வெளிநாட்டிலிருந்து வந்து, விதை விழுந்த இடமெல்லாம் முளைத்து, மற்ற செடிகளை நெருக்கித் தள்ளுகிற மரம். சுவருக்கு அந்தப் பக்கம் காலி மனையில் ஒரு காலத்தில் தும்பையும் ஆவாரையும் இருந்தன. இப்போது எல்லாம் இதன் கன்றுகள்.

போன வருடம் சுவர் விரிசல் விட்டது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் அங்கிள் என்னைக் கூப்பிட்டார்.

"நீதானேம்மா மரம் பத்தியெல்லாம் படிக்கிற? நல்ல மரம்தான்னு ஒரு வார்த்தை சொல்லு. சுவரை மட்டும் பூசிட்டு விட்டுடறோம்."

ஒரு வார்த்தைதான். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நான் சுவருக்கு அந்தப் பக்கம், இடுப்பளவு நின்ற கன்றுகளைப் பார்த்தேன்.

"வெட்டிடலாம் அங்கிள்."

வெட்டினார்கள். அக்கா வண்டிக்கு மேல் நிழலுக்கு நீலத் தார்ப்பாய் கட்டிக்கொண்டார். ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. ஆனால் சவுண்டல் வெட்டினால் சாகாது. மூன்றாம் வாரமே அடிக்கட்டையைச் சுற்றித் தளிர். ஞாயிறுதோறும் நான்தான் போய் ஒடித்துப் போடுகிறேன்.

போன ஞாயிறு இறங்கிப் போக நேரமாகிவிட்டது. முழ நீளத் தளிர்கள், இலையெல்லாம் மூடிக்கிடந்தது. ஒடிக்கக் கை வரவில்லை.

"இன்னா நின்னுகினு கீற? இலை மூடிக்கிச்சு பாரு, மேல போ" என்றார் அக்கா, துணிகளை மூட்டை கட்டியபடி. "காலைல நானே ஒடச்சுப் போட்டுர்றேன்."