வாய்விட்டுச் சொல்லாத விண்ணப்பம்

2003 ஜூன் மாதம், பிரேசர் டவுனில் எங்கள் வீட்டு ஜெபத்தில் இருந்தவர்கள்: பாஸ்டர் ஐயா, அவர் மனைவி, என் வீட்டுக்காரர், மகள் ஷீபா, என் ஓரகத்தி ஸ்டெல்லா அக்கா, நான். ஆறே பேர்.

கோலார் தங்கச் சுரங்கத்தை மூடியதில் என் வீட்டுக்காரருக்கு வேலை போயிருந்தது. ஷீபாவுக்குக் கல்லூரியில் கடைசி வருடம். பைனான்ஸ் படிப்புதான், ஆனால் தத்துவம், நாடகம் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கவைக்கும் கல்லூரி. எட்டாவதோடு நின்ற எனக்கு, நாடகம் படித்தவளுக்கு எந்த பேங்கில் வேலை தருவார்கள் என்று தினமும் பயம். இப்போது அந்தப் படிப்புக்கே ஆபத்து. திங்கட்கிழமைக்குள் இருபதாயிரம் கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

எங்கள் ஜெபத்தில் அவரவர் விண்ணப்பத்தை வாய்விட்டுச் சொல்வது வழக்கம். ஸ்டெல்லா அக்கா முன்னால் என்னால் முடியவில்லை. பொறாமை. எந்தக் கூட்டத்திலும் சாட்சி சொல்ல எழுந்திருப்பது அக்காதான். ஃபிரிட்ஜ் கேட்டார், வந்தது. அல்சூரில் வீடு கேட்டார், வந்தது. கர்த்தருக்கு அவர் குரல் மட்டும்தான் கேட்குமா என்று வயிறு எரியும்.

"மனதில் ஒரு விண்ணப்பம் இருக்கிறது" என்று முடித்துக்கொண்டேன். அதற்காக எல்லாரையும்விடச் சத்தமாக ஜெபித்ததும் அக்காதான். அதுவும் எரிந்தது.

ஜெபம் முடிந்ததும் அக்கா சமையலறைக்கு வந்தார்.

"ஏன்டி, ஷீபா ஃபீஸ்தானே? கர்த்தருக்குத் தெரிஞ்சா போதும், எனக்குத் தெரியக்கூடாதா?"

"யாரு சொன்னாங்கக்கா?"

"உன் மூஞ்சிதான். போன வருஷம் ஒரு கம்பெனில பணம் போட இருந்தேன். மாசம் அஞ்சு வட்டின்னான். 'பெரியம்மா, புதுசா போடுறவங்க பணத்தத்தான் உங்களுக்கு வட்டின்னு தருவாங்க, போடாதீங்க'ன்னா உன் பொண்ணு. போன வாரம் அவன் கடைய மூடிட்டு ஓடிட்டான். அந்தப் பணம் அப்படியே இருக்கு. காலைல கொண்டாறேன். மெதுவா குடு."

என் மகள் படிப்பைப் பற்றி அக்காவிடம் பேசியிருக்கிறாள், என்னிடம் இல்லை. உதவி வந்த அந்த நிமிடத்திலும் முதலில் வந்தது பொறாமைதான்.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று ஷீபாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"உங்கிட்ட எதச் சொன்னாலும் பயப்படுறியேம்மா."

அப்போதுதான் அழுதேன். நான் பயந்த படிப்பையே வைத்து, ஒரு வருடம் முன்னாலேயே அதற்கான ஃபீஸைக் கர்த்தர் காப்பாற்றி வைத்திருந்தார்!

ஷீபா இன்று தொம்மலூரில் வேலைக்குப் போகிறாள். என் பொறாமை முழுதாகப் போகவில்லை. அதையும் இப்போது வாய்விட்டே ஜெபிக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து அக்கா ஆமென் சொல்கிறார். பிரியமானவர்களே, யார் காதில் விழக்கூடாது என்று விண்ணப்பத்தை விழுங்குகிறீர்களோ, அவர் முன்னாலேயே கேளுங்கள். கர்த்தர் தருவார்.

அக்காவுக்கு இன்னும் நாலாயிரம் ரூபாய் தர வேண்டும்.