மலையாளப் படிவத்தில் என் பதில்கள்

என் கணவர் ஏன் அப்படி எழுதினார்? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

மகளுக்கு இரண்டு வயதானபோது எனக்குச் சிறுநீரக நோய் வந்தது, மாதவிலக்கும் நின்றுபோனது. நெடுநாள் நோய் பெண்களின் ஹார்மோனையும் அன்றாட வாழ்க்கையையும் எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்ந்த டாக்டரம்மா என்னிடம் ரத்தம் எடுத்தார். கார்பன் தாள் வைத்த ஒரு மலையாளப் படிவத்தையும் கொடுத்து, "கஷ்டம் அதிகம் உள்ளவங்களை மறுபடி கூப்பிட்டு மருந்து கொடுப்போம்" என்றார்.

நான் தமிழில் படித்தவள், மலையாளம் வாசிக்கத் தெரியாது. மட்டாஞ்சேரி வீட்டில் கணவர் கேள்விகளை வாசித்துச் சொல்ல, நான் பதில் சொன்னேன்.

"பிள்ளையைத் தூக்கினா மூச்சு வாங்குது. எதுலயும் ஆசையே இல்லைங்க."

"போதும்டி, இதுக்கே இடம் பத்தாது" என்று சிரித்தபடி எழுதினார்.

நாலு வருடம் காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததும் அவளோடு நானும் மலையாள எழுத்து பழகினேன். போன மழைக்காலத்தில், அவருடைய இஞ்சி மண்டிக் காகிதங்களுக்கு நடுவே படிவத்தின் நகல் கிடைத்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்: 'கஷ்டம் ஒன்றுமில்லை.' சிரித்தபடி எழுதியது இதைத்தான்.

வெட்கப்பட்டாரா? நான்தான் சரியாகச் சொல்லவில்லையோ? டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னால் என் கணவர் பொய்யராகிவிடுவார். சொல்லாவிட்டால் எனக்கு மருந்து இல்லை. வாசிப்பவர்களே, நான் முதலில் யாரிடம் பேசட்டும்? சொல்லுங்கள்.